வானத்தின் நடுக்கம்

வெப்பம் என்றால் நம்மில் பலருக்குச் சித்திரை மாதத்து வெயில் நினைவில் எழும். குளிர் என்றால் மார்கழி மாதத்துப் பனி. எனக்கோ இவ்விரு சொற்களில் எதைக் கேட்டாலும் ஒரு சிறுவனின் முகமே முன்வந்து நிற்கும். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த முகத்திற்கு நான் கடன்பட்டிருந்தேன். பொருட்கடன் என்றால் எப்போதோ தீர்ந்திருக்கும். இது சொல்லால் பட்ட கடன். அதைத் தீர்க்கப் போன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1978ஆம் ஆண்டு. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், ஆலங்காயத்திற்கு அருகே ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். வயது இருபத்தைந்து. வாணியம்பாடியில் பிறந்து வளர்ந்த எனக்கு மலை என்பது தொலைவில் தெரியும் நீல நிறத்துச் சுவர்தான். அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து சில பிள்ளைகள் இறங்கி வந்து, விடுதியில் தங்கிப் படித்தார்கள். மலையாளி என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் மலைக்குடி மக்களின் பிள்ளைகள். கேரளத்திற்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள் என்று அதற்குப் பொருள் கூறுவார்கள். அவர்கள் பேசுவது தமிழே. பெரும்பாலும் பின் வரிசையில் அமர்ந்து, கேட்டால் மட்டுமே வாய் திறப்பார்கள். என்னைப் ‘பாய் வாத்தியார்’ என்று அழைப்பார்கள்.

அன்று வானத்தைப் பற்றிய பாடம். “விண்மீன்கள் ஏன் மின்னுகின்றன?” என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டேன். விண்மீன்களுக்குச் சொந்த ஒளி உண்டு, ஆதலால் அவை மின்னுகின்றன. கோள்களுக்குச் சொந்த ஒளி இல்லை, ஆதலால் அவை மின்னுவதில்லை. இதுதான் நான் எதிர்பார்த்த விடை. நானும் அப்படியே நம்பியிருந்தேன். யாரும் எழவில்லை. கடைசியில் பின் வரிசையிலிருந்து மெலிந்த ஒரு சிறுவன் எழுந்தான்.

“குளுருல வானம் நடுங்குது, வாத்தியாரே.”

நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்ததும் வகுப்பே சிரித்தது. “வானத்துக்கு ஒரு கம்பளி வாங்கிக் கொடுத்துவிடலாமா?” என்று நகைச்சுவையாக ஒரு சொல்லும் சேர்த்தேன். சிரிப்பு இன்னும் பெருகியது. சிறுவன் உட்கார்ந்தான். அவன் முகம் சிவக்கவில்லை. கண்ணில் நீரும் இல்லை. திறந்திருந்த கதவொன்று சந்தடியில்லாமல் சாத்திக்கொண்டதைப் போல் இருந்தது. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. மலைப் பிள்ளைகள் இடையில் நின்றுவிடுவது அக்காலத்தில் வழக்கமாயிருந்ததால், நானும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

அந்த மலையின் மீதே, பள்ளியிலிருந்து சில மைல் தொலைவில், அதே கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்த அறிஞர்கள் இருந்தார்கள் என்பதை அப்போது நான் சிந்தித்துப் பார்க்கவில்லை.

காவலூர் வானாய்வகத்தின் வரலாறு நம் நாட்டவர் பெருமை கொள்ளத்தக்கது. அதை உருவாக்கிய வைணு பாப்பு 1927இல் சென்னையில் பிறந்தவர். அவருடைய தந்தையார் ஐதராபாத்தில், நவாப் ஸபர் ஜங் தொடங்கிய நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். தொலைநோக்கியின் நிழலில் வளர்ந்த பிள்ளை, 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். கொடைக்கானல் சூரியனை ஆராய ஏற்ற இடம். இரவு வானத்தை ஆராய வேறோர் இடம் வேண்டுமென்று தேடியவர், ஜவ்வாது மலைக் காடுகளுக்கிடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்திலிருந்த காவலூரைத் தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றுடன் அங்கே பணி தொடங்கிற்று. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது அக்கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அந்நிகழ்வைக் கண்டு பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. என் வகுப்பறைச் சிரிப்புக்கு முந்தைய ஆண்டில் அது நடந்தது.

பாப்பு கனவு கண்ட 2.34 மீட்டர் பெருந்தொலைநோக்கி, அவர் 1982இல் மறைந்த பிறகே நிறைவேறியது. 1986ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தார். தொலைநோக்கிக்கும் ஆய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் நான் முதன்முதலாகக் காவலூருக்குப் போனேன். ஹாலி வால்மீன் வந்திருந்த காலம் அது. எழுபத்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விருந்தாளியை மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமென்ற ஆசை. விடியலுக்கு முன்னர் அது பஞ்சுத் துண்டு போல மங்கலாகத் தெரிந்தது. சூரியனுக்குத் தொலைவில் இருக்கும்போது வால்மீன் என்பது தூசும் பனிக்கட்டியும் உறைந்து கிடக்கும் ஒரு கட்டி. நெருங்கி வர வர, வெப்பத்தால் பனி நீராகாமல் நேரே ஆவியாகி, தூசையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அதுவே தலையும் வாலுமாக நமக்குத் தெரிகிறது. இதையெல்லாம் எங்களுக்கு விளக்கிக் கொண்டிருந்த ஆய்வக ஊழியர், பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னார்.

“எங்களுக்குப் பெரிய பகை மேகமென்று நினைப்பீர்கள். மேகம் வந்தால் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். வானம் தெளிவாக இருந்தும் காற்று அமைதியாக இல்லாவிட்டால்தான் வேதனை. மேலே சூடும் குளிருமாகக் காற்றுக் கலந்துகொண்டே இருக்கிறது. விண்மீனின் ஒளி அதற்குள் நுழைந்து நடுங்கிக்கொண்டே கீழே வருகிறது.”

‘நடுங்கி’ என்ற அந்தச் சொல் என்னைத் தைத்தது. அருகில் நின்ற மாணவர்கள் வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இருட்டில் எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வகுப்பறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நூல்களைத் தேடிப் படித்தேன். வெற்றிடத்தில் நேராகச் செல்லும் ஒளி, காற்றுக்குள் நுழையும்போது சற்றே வளைகிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் இந்த ஒளிவிலகலைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அடர்த்தி மாறினால் ஒளி வளையும் அளவும் மாறும். ஒரு பாகை வெப்பம் மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண்ணில் ஏற்படும் மாற்றம் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான். ஆனால், எண்ணற்ற சிறு காற்றுத்திரள்கள், ஒன்று சற்றே சூடாகவும் மற்றொன்று சற்றே குளிராகவும், பல கிலோமீட்டர் உயரத்திற்கு அடுக்கடுக்காகப் புரண்டுகொண்டிருக்கின்றன. புள்ளியாக வந்து சேரும் விண்மீனின் ஒளியை அவை இங்குமங்கும் தள்ளுகின்றன. கோள்கள் நமக்கு அண்மையில் இருப்பதால் புள்ளியாகத் தோன்றாமல் சிறு வட்டமாகத் தோன்றுகின்றன. வட்டத்தின் ஒரு பகுதி ஒளி குறைந்தால் இன்னொரு பகுதி ஈடுசெய்துவிடும். ஆதலால் அவை பெரும்பாலும் மின்னுவதில்லை. சொந்த ஒளிக்கும் மின்னலுக்கும் தொடர்பே இல்லை.

நான் கற்பித்ததே பிழை. சிரித்தவன் பிழையானவன், சிரிக்கப்பட்டவன் உண்மைக்கு அருகில் நின்றவன். குளிர் மட்டும் வானத்தை நடுக்குவதில்லை. குளிரும் சூடும் கலப்பதே நடுக்குகிறது. அவன் சொன்னதில் குறை இருந்தது அவ்வளவே. 1704இல் வெளிவந்த தம் ஒளியியல் நூலில் நியூட்டன் பெருமகனாரும் காற்றின் ஓயாத நடுக்கத்தையே விண்மீன்கள் மின்னுவதற்குக் காரணமாகக் கூறி, உயர்ந்த மலையுச்சிகளில் அமைதியான காற்றைத் தேடலாம் என்று வழியும் காட்டியிருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. நியூட்டன் என் வகுப்பில் எழுந்து விடை சொல்லியிருந்தாலும் நான் கம்பளி வாங்கித் தரட்டுமா என்றுதானே கேட்டிருப்பேன்!

அப்போதே அவனைத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. வேலை, பிள்ளைகள், மாற்றல் என்று எத்தனையோ காரணங்கள் சொல்லிக்கொண்டேன். மாணவனிடம் மன்னிப்புக் கேட்க ஓர் ஆசிரியனின் கால்கள் எவ்வளவு கனக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பதிலாக நான் செய்தது ஒன்றுண்டு. வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து, ஒவ்வொரு விண்மீனாகப் பெயர் சொல்லிப் பழகினேன். நாம் திருவாதிரை என்னும் செந்நிற மீனை மேலைநாட்டார் பெடல்ஜியூஸ் என்கிறார்கள்; அது ‘ஜவ்ஸாவின் கை’ என்ற பொருளுடைய அரபுப் பெயர், பெயர்த்தெழுதியவர் கையில் சிதைந்து உருமாறியது. அதற்குக் கீழே நீலவெண்மையாய் ஒளிரும் ரைஜெல், ‘ரிஜ்ல்’ என்னும் கால். ரோகிணியை அவர்கள் அல்டெபரான் என்பார்கள். கார்த்திகைக் கூட்டத்தைப் பின்தொடர்வதால் ‘பின்தொடர்பவன்’ என்று அரபியர் இட்ட பெயர். 964ஆம் ஆண்டில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தம் விண்மீன் நூலில் இவற்றின் இருப்பிடங்களையும் ஒளி அளவுகளையும் வரிசைப்படுத்தி வைத்தார்.

ஒன்று ஏன் சிவப்பு, மற்றொன்று ஏன் நீலம்? அதற்கும் விடை வெப்பநிலைதான். திருவாதிரையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3,500 கெல்வின். நம் சூரியன் 5,800. ரைஜெல் 12,000 அளவில். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, பிறகு வெளுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. இதற்கும் ஆழமானதொரு உண்மையை 1920இல் நம் நாட்டின் மேகநாத சாகா கண்டறிந்தார். விண்மீனின் ஒளியைப் பிரித்தால் காணப்படும் கருங்கோடுகள், அதில் என்ன பொருள் இருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. அப்பொருளின் அணுக்கள் எத்தனை எலெக்ட்ரான்களை இழந்து நிற்கின்றன என்பதையும் சொல்கின்றன. அந்த இழப்பை முதன்மையாக முடிவு செய்வது வெப்பநிலை. அழுத்தத்திற்கும் அதில் பங்குண்டு. அந்தச் சமன்பாட்டைக் கைக்கொண்டே செசிலியா பெய்ன் 1925இல் விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று காட்டினார். முதலில் அவருடைய முடிவையும் பெரியவர்கள் ஏற்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலும் வெட்கமும் ஒருங்கே உண்டாயின.

2019ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு விந்தை நடந்தது. நான் நாள்தோறும் பார்த்துவந்த திருவாதிரை மங்கத் தொடங்கிற்று. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கமானதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. வெடித்துச் சிதறப்போகிறது என்று சிலர் எழுதினார்கள். அடுத்த ஆண்டு அறிஞர்கள் வேறு விளக்கம் தந்தனர். விண்மீன் வெளியே உமிழ்ந்திருந்த வாயுத் திரள் ஒன்று அதன் அருகிலேயே மிதந்தது. மேற்பரப்பின் ஒரு பகுதி சற்றே குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் வாயு தூசாகத் திரண்டு, விண்மீனின் முகத்தைத் திரையிட்டு மறைத்தது. சூரியனைப் போல் பல நூறு மடங்கு அகன்ற பேருருவத்தையும் ஒரு சிறு குளிர்ச்சி அடையாளம் தெரியாமல் மாற்றிவிடும் என்றால், சிறு மாற்றம் என்று எதைத்தான் அலட்சியம் செய்வது? 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011-2020 காலத்தில் நம் பூமியின் சராசரி வெப்பம் உயர்ந்திருப்பதும் ஏறத்தாழ 1.1 பாகைதான். அந்த ஒரு பாகையைக் கேட்டு ‘இவ்வளவுதானா’ என்று சிரிப்பவர்களைக் காணும்போது, எனக்கு என் பழைய சிரிப்பு நினைவுக்கு வரும்.

சென்ற தை மாதம் ஒருநாள், இனித் தள்ளிப்போட வயதில்லை என்று முடிவு செய்து புறப்பட்டேன். ஆலங்காயத்தில் பேருந்து மாறி மலையேறினேன். வாணியம்பாடியை விடக் காவலூர் ஏறத்தாழ 400 மீட்டர் உயர்ந்தது. ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்திற்கும் சராசரியாக ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்ற கணக்கின்படி இரண்டரைப் பாகை வேறுபாடு. வளைவுக்கு வளைவு அதைத் தோலில் உணர்ந்தேன். ஊர் ஊராய் விசாரித்து, பள்ளியின் பெயரையும் ஆண்டையும் சொல்லி, மாலையில் அவன் வீட்டை அடைந்தேன். அவன் என்று எழுதுகிறேன்; அறுபதை நெருங்கிய, தலை நரைத்த பெரியவர் ஒருவர் திண்ணையிலிருந்து எழுந்து நின்றார்.

“பாய் வாத்தியாரா? உக்காருங்க, உக்காருங்க. தண்ணி கொண்டாம்மா!”

சாமைக் கஞ்சி வந்தது. பலாவையும் புளியையும் மழையையும் பற்றிப் பேசினோம். பிறகு நான் தயங்கித் தயங்கி அந்த வகுப்பை நினைவூட்டினேன். மறந்திருப்பார் என்று உள்ளூர ஓர் ஆசை இருந்தது.

“மறப்பனா?” என்றார். “கம்பளின்னு சொன்னீங்க.”

நான் தலை குனிந்தேன்.

“அதுக்காக நான் நின்னுடல, வாத்தியாரே. மாடு மேய்க்க ஆளில்ல, அதான் நின்னேன். ஆனா அப்புறம் வகுப்புல வாயத் திறக்கல. அது நெசம்.”

நீ சொன்னதுதான் சரி என்று சொன்னேன். காற்றின் சூடும் குளிரும், ஒளியின் வளைவும், காவலூரில் கேட்டதும், நியூட்டனும் என்று வகுப்பெடுப்பதைப் போலவே சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

“இது எனக்கு அப்பவே தெரியுமே. சாமைக் காட்டுல பன்னிக்குக் காவலாப் பரண்ல படுப்போம். கீழ தீ மூட்டியிருக்கும். தீக்கு நேர் மேல தெரியுற மீனு கண்டபடி ஆடும். தள்ளியிருக்குற மீனு அவ்வளவு ஆடாது. சூட்டுக் காத்தும் குளுருக் காத்தும் முட்டிக்கிட்டா நடுங்குதுன்னு அப்பவே பாத்து வச்சிருந்தேன். நடுங்கினாக் குளுருன்னுதானே சொல்ல வரும்? அந்த வயசுல வேற எப்படிச் சொல்றது? ஏண்டா அப்படிச் சொல்றேன்னு நீங்க கேக்கலையே.”

நான் பேசவில்லை. இத்தனை ஆண்டுகளாக, ஒரு சிறுவன் தற்செயலாக உண்மையைத் தொட்டுவிட்டான் என்றே எண்ணியிருந்தேன். என் குற்ற உணர்விலும் ஒரு செருக்கு ஒளிந்திருந்திருக்கிறது. அவன் தற்செயலாகச் சொல்லவில்லை. இரவுகள் பல விழித்திருந்து, தீக்கு மேலும் தீக்கு அப்பாலும் மாறி மாறிப் பார்த்து, ஒப்பிட்டு, ஒரு முடிவுக்கு வந்து சொன்னான். ஆய்வு என்பது அதுவன்றி வேறென்ன? தொலைநோக்கி இல்லாத ஒரு வானாய்வகம் அந்தப் பரணில் இருந்திருக்கிறது. அதன் ஒரே ஆய்வாளன் என் வகுப்பில் பின் வரிசையில் இருந்தான். ‘ஏன்’ என்ற ஒரு சொல்லை நான் கேட்டிருந்தால் போதும்.

“மன்னிச்சுக்கோ, தம்பி” என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குச் சொற்கள் கிடைக்கவில்லை.

அவர் பதில் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அதெல்லாம் எதற்கு என்றும் தள்ளவில்லை. எழுந்துபோய்ச் சுள்ளிகளை எடுத்து வந்து முற்றத்தில் தீ மூட்டினார். பள்ளத்தில் பனி இறங்கியிருந்தது. தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்திற்கு விட்டுவிடும். அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் குடிசை போட்டோம், பள்ளத்தில் படுத்தால் எலும்பு உறைந்துவிடும் என்றார். அதையும் நான் ஒரு நூலில்தான் படித்திருந்தேன்.

“இப்படி உக்காந்து பாருங்க” என்று எனக்கு இடம் காட்டினார். தீக்கு இப்பால் அமர்ந்து, சுடருக்கு மேலே பார்த்தேன். கிழக்கே ஏறியிருந்த திருவாதிரை சிவந்து, கலங்கி, துள்ளியது. சற்றே தள்ளி அமர்ந்து பார்த்தேன். அதே மீன் ஓரளவு அடங்கி நின்றது. மீண்டும் தீக்கு மேல், மீண்டும் தள்ளி. எழுபது வயதைக் கடந்த ஆசிரியன், நாற்பத்தைந்து ஆண்டுகள் தாமதமாக, ஒரு பாடத்தை முதல் வரிசையில் அமர்ந்து கற்றுக்கொண்டிருந்தான்.

இரவு அங்கேயே தங்கினேன். படுக்கும்போது அவர் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்து என் காலடியில் வைத்தார். கம்பளி.

“குளுரும், வாத்தியாரே” என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை.